நிழற்படமும் அனுமதி வாணிகமும்

(பொழுதுபோக்காகப் புகைப்படம் எடுப்போர் சங்கமொன்றின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



புகைப்படக் கலையை உத்தியோகமாகக் கொள்ளாமல், ஞாயிற்றுக்கிழமையின் ஓய்வையும் விடியற்காலையின் வெளிச்சத்தையும் அதற்கென்றே ஒதுக்கி வைத்து, எவரும் கேளாமலும் எவரும் கூலி கொடாமலும் படமெடுத்து வருகிறவர்களே இந்தச் சபையில் பெரும்பாலோர் என்பதை நான் அறிவேன். அவ்வாறு எடுத்த படங்கள் ஆயிரக்கணக்கில் கம்ப்யூட்டரில் குவிந்து கிடக்க, அவற்றை இணையத்தின் வழியாக விற்றுத் தரும் ஸ்தாபனங்கள் அயல்நாடுகளில் இருக்கின்றன என்றும், தொழில்முறைக் கலைஞரல்லாதாரிடமிருந்தும் அவை படங்களை ஏற்றுக்கொள்கின்றன என்றும் கேள்வியுற்று, அதைப் பற்றி விரிவாகப் பேச வேண்டும் என்று உங்கள் காரியதரிசி என்னைக் கேட்டுக்கொண்டார். எவ்வளவு பணம் கிடைக்கும் என்பதே உங்கள் மனத்தில் முதலாவதாக நிற்கும் கேள்வியாயிருக்கும். அதற்கு விடை சொல்லத்தான் போகிறேன். ஆயினும் அங்கே விற்கப்படுகிற சரக்கு இன்னதென்று முதலில் தெளிந்துகொள்ளாவிட்டால், விலையைப் பற்றிய பேச்சு முழுவதும் தவறான எண்ணங்களுக்கே இடமாகிவிடும்.

ஓவியர் ஒருவர் தம் சித்திரத்தை விற்றால், அந்தச் சித்திரம் வாங்கியவருடைய வீட்டுச் சுவருக்குப் போய்விடுகிறது. நான் சொல்ல வந்த வாணிகத்தில் அப்படி எதுவும் கைமாறுவதில்லை. படம் உங்களிடமே இருக்கிறது. பதிப்புரிமையும் உங்களிடமே இருக்கிறது. பணம் கொடுத்தவர் பெற்றுச் செல்வது, இன்ன இன்ன நிபந்தனைகளுக்கு உட்பட்டு அந்தப் படத்தை உபயோகித்துக்கொள்ளலாம் என்ற அனுமதி ஒன்றுதான். அதே அனுமதியை நாளை இன்னொருவருக்கும், மறுநாள் பூமியின் மறுகோடியிலுள்ள வேறொருவருக்கும், எத்தனை தடவை வேண்டுமானாலும் விற்கலாம். ஆகவே, அனுமதியை விற்பதற்கு முன்னால் நாம் எவருடைய அனுமதியைப் பெற்றிருக்கிறோம், விற்ற பின்னால் அது எங்கெங்கே சென்று என்னென்ன செய்கிறது என்ற இரண்டையும் அறிந்தவரே இதில் கால் வைக்கத் தகுந்தவர் என்பது என் திடமான அபிப்பிராயம். இன்று நான் பேசப்போவதெல்லாம் அந்த அபிப்பிராயத்தின் விரிவேயாகும்.

இந்த வாணிகம் இணையத்தோடு கூடப் பிறந்தது என்று எண்ண வேண்டாம். பெர்லின் நகரத்து அரசாங்கக் கலை நூலகத்தில் அபூர்வ நூல்களின் காப்பாளராக இருந்த ஆட்டோ பெட்மன் என்னும் யூதர், ஹிட்லரின் ஆட்சியில் பதவியிழந்து, படங்கள் நிறைந்த பெட்டிகளையே தம் ஆஸ்தியாகக் கொண்டு 1935-ஆம் ஆண்டில் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். மறு வருஷம் அவர் நியூயார்க்கில் நிறுவிய படக் காப்பகம், பத்திரிகாசிரியர்களும் புத்தகப் பிரசுரகர்த்தர்களும் விளம்பரம் தயாரிப்போரும் தேடி வருகிற ஸ்தலமாயிற்று. கேட்ட விஷயத்துக்கு ஏற்ற படத்தைக் கேட்ட மாத்திரத்தில் எடுத்துக் கொடுக்கும்படி அவர் பொருள்வாரியாக அட்டவணை செய்து வைத்திருந்ததுதான் அந்தக் காப்பகத்தின் சிறப்பு. பில் கேட்ஸ் நிறுவிய கோர்பிஸ் என்னும் கம்பெனி 1995-இல் அதை விலைக்கு வாங்கி, சிதையத் தொடங்கியிருந்த பழைய நெகடிவ்களைக் காப்பாற்றுவதற்காக, பென்சில்வேனியாவில் பூமிக்கடியில் இருந்த முன்னாள் சுண்ணாம்புக்கல் சுரங்கம் ஒன்றில் குளிரூட்டிய அறை அமைத்து அங்கே அவற்றைச் சேர்த்து வைத்தது.

அந்தக் காலத்து வழக்கப்படி அனுமதியின் விலை உபயோகத்தைப் பொறுத்திருந்தது. படம் அட்டையில் வருமா உள்பக்கத்தில் வருமா, எத்தனை பிரதிகள் அச்சாகும், எந்தெந்த நாடுகளில் பரவும், எத்தனை மாதம் விளம்பரம் நடக்கும் என்றெல்லாம் விசாரித்துக் கணக்கிட்டு, ஒரு படத்துக்கு நூற்றுக்கணக்கான டாலர் என்று கட்டணம் நிர்ணயித்தார்கள். விலைக்குத் தகுந்தபடி வாயிற்காவலும் கடுமையாகவே இருந்தது. பொழுதுபோக்காகப் படமெடுப்பவர் ஒருவர் தம் ஃபிலிமோடு அங்கே நுழைவது எளிதாக இல்லை.

கனடா நாட்டுக் கால்கரி நகரத்தில் புரூஸ் லிவிங்ஸ்டன் என்பவர் 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய ஐஸ்டாக்போட்டோதான் அந்த வாயிலைத் திறந்து விட்டது. வடிவமைப்பாளர்கள் ஒருவர் படத்தை ஒருவர் இலவசமாக எடுத்துக்கொள்வதற்கான பரிவர்த்தனை நிலையமாகவே அவர் அதை ஆரம்பித்தார். நாளாக ஆக அதை நடத்தும் செலவு ஏறிவிடவே, படம் ஒன்றுக்கு மிகச் சிறியதொரு கட்டணம் விதித்து, அதில் ஒரு பாகத்தைப் படமெடுத்தவருக்கும் கொடுக்கலானார். மைக்ரோஸ்டாக் என்று இன்று எல்லாரும் சொல்லுகிற முறைக்கு அதுவே தோற்றுவாய். 2003-இல் நியூயார்க்கில் ஜான் ஓரிங்கர் என்ற மென்பொருள் வல்லுநர், தாமே எடுத்த சுமார் 30,000 படங்களை மூலதனமாக வைத்து ஷட்டர்ஸ்டாக்கைத் தொடங்கி, மாதச் சந்தா கட்டியவர் நாளொன்றுக்கு 25 படங்கள் வரையில் இறக்கிக்கொள்ளலாம் என்று ஏற்பாடு செய்தார். பெரிய கம்பெனிகள் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. கெட்டி இமேஜஸ் 2006-இல் ஐஸ்டாக்கை 5 கோடி டாலருக்கு வாங்கிற்று. அடோபி கம்பெனி ஃபோட்டோலியா என்ற ஸ்தாபனத்தை 80 கோடி டாலருக்கு வாங்கி, 2015-இல் அடோபி ஸ்டாக் என்ற பெயரில் கடை விரித்தது.

தொழில்முறைக் கலைஞர்கள் பலர் இந்த மாறுதலால் நொந்து போனார்கள். அவர்களுடைய வருத்தம் நியாயமானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஒரு குடும்பத்தைத் தாங்கிய வருமானம் சில ஆண்டுகளுக்குள் சில்லறையாகக் கரைவதை எவர்தான் பொறுத்துக்கொள்வார்? ஆனாலும், படத்தின் பிரதியெடுக்கச் செலவே இல்லை என்று ஆகி, நல்ல கேமரா லட்சக்கணக்கானோர் கைக்கு வந்துவிட்ட பிறகு, பழைய விலை நிலைத்து நிற்பதற்கு மார்க்கமில்லாமற் போயிற்று என்பதையும் ஒப்புக்கொண்டே தீர வேண்டும்.

இனி, உங்கள் முதற்கேள்விக்கு வருகிறேன். அடோபி ஸ்டாக்கில் ஒரு புகைப்படம் விற்றால், விலையில் நூற்றுக்கு 33 பங்கு எடுத்தவரைச் சேரும். சந்தாக்காரர் இறக்கிக்கொண்டால் கிடைக்கக்கூடிய குறைந்த தொகை 33 சென்ட். கணக்கில் 25 டாலர் சேர்ந்த பிறகுதான் பணத்தைக் கேட்டு வாங்கலாம் என்பது அங்கே விதி. அப்படியானால், வெறும் சந்தா விற்பனையைக் கொண்டு முதல் தொகை கைக்கு வருவதற்கு 76 தடவை நம் படங்கள் இறக்கப்பட்டிருக்க வேண்டும். ஷட்டர்ஸ்டாக்கில் நெடுநாள் வரையில் ஒவ்வொரு சந்தா விற்பனைக்கும் 25 சென்ட் முதல் 38 சென்ட் வரையில் கொடுத்து வந்தார்கள். 2020 ஜூன் மாதத்தில் அந்த ஏற்பாட்டை மாற்றி, நூற்றுக்கு 15 முதல் 40 வரையில் படிப்படியான பங்கு என்று வகுத்து, ஒவ்வொரு ஜனவரி முதல் தேதியிலும் அனைவரும் மறுபடியும் முதற்படியிலிருந்தே ஏற வேண்டும் என்று விதித்துவிட்டார்கள். ஒரு படத்துக்குக் கிடைப்பது 10 சென்ட் வரையிலும் இறங்கிற்று. பல தேசங்களிலிருந்தும் படமெடுப்போர் ஆட்சேபித்தார்கள், சிலர் தங்கள் படங்கள் முழுவதையும் திரும்ப எடுத்துக்கொண்டார்கள், விதி மாறவில்லை.

வரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்கக் கம்பெனிகள் நம்மிடம் டபிள்யூ-8பென் என்ற படிவத்தைக் கேட்கும். அதில் நம் பான் எண்ணைக் குறித்து, இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் சலுகையைக் கோரினால், அமெரிக்காவில் உண்டாகும் ராயல்டித் தொகையில் நூற்றுக்கு 15 மட்டும் பிடிப்பார்கள். கோராவிட்டால் 30 பிடிப்பார்கள். எஞ்சியது பேபால் அல்லது பேயோனியர் வழியாக வந்து சேரும். அதை இங்கே வருமான வரிக் கணக்கிலும் காட்ட வேண்டும். ஆக மொத்தத்தில், இதை ஜீவனத்துக்கு மார்க்கமாக எண்ணி வேலையை விடுகிறவர் வருந்துவார். லென்ஸ் ஒன்று வாங்கவோ, பிரயாணச் செலவில் ஒரு பகுதியை ஈடுகட்டவோ உதவட்டும் என்று பொறுமையாகச் செய்கிறவருக்கு மனக்கசப்பு ஏற்படக் காரணமில்லை.

அடுத்தபடியாக, எத்தகைய படத்துக்கு அனுமதி கேட்டு வருகிறார்கள் என்று பார்ப்போம். சங்கப் போட்டியில் பரிசு பெறுகிற படமும் இங்கே விலைபோகிற படமும் பெரும்பாலும் வேறு வேறானவை. போட்டி நடுவர் படத்தை அதற்காகவே பார்க்கிறார். வாங்க வருகிறவரோ தம் தலைப்பையும் வாசகத்தையும் எங்கே அமைப்பது என்ற யோசனையோடு பார்க்கிறார். இதற்கு உலகறிந்த திருஷ்டாந்தம் ஒன்று உண்டு. நேஷனல் ஜியாக்ரஃபிக் பத்திரிகைக்காக நெடுங்காலம் படமெடுத்த சார்லஸ் ஓ'ரியர் என்பவர், 1996 ஜனவரியில் ஒரு நாள், கலிபோர்னியாவின் சோனோமா மாவட்டத்துச் சாலையொன்றில் காரோட்டிச் செல்லும்போது, மழை பெய்து ஓய்ந்த பின் பச்சைப்பசேலென்று துலங்கிய ஒரு குன்றைக் கண்டு வண்டியை நிறுத்தினார். அந்தப் பக்கத்துக் குன்றுகள் திராட்சைக் கொடிகள் வரிசை வரிசையாகப் படர்ந்திருக்க வேண்டியவை. ஃபிலாக்சரா என்னும் வேர்ப்பூச்சியின் தாக்குதலால் அங்கே கொடிகளைப் பிடுங்கி எறிந்திருந்தார்கள். ஆகையால் அந்தப் பருவத்தில் அங்கே புல்லைத் தவிர வேறெதுவும் இல்லை. மமியா ஆர்.இசட். 67 என்ற கேமராவை முக்காலியில் பொருத்தி, வண்ணச் செழுமைக்குப் பெயர்போன வெல்வியா ஃபிலிமில் அதைப் பதிவுசெய்து, வெஸ்ட்லைட் என்ற படவிற்பனை ஏஜென்சியிடம் ஒப்படைத்தார். அந்த ஏஜென்சியைக் கோர்பிஸ் 1998-இல் வாங்கிற்று. பிறகு மைக்ரோசாப்ட் கம்பெனி, வெறும் அனுமதியோடு திருப்தியடையாமல் அந்தப் படத்தின் உரிமை முழுவதையுமே விலை பேசி வாங்கியது. மூலப்படத்தின் மதிப்பைக் கேட்ட கூரியர் கம்பெனிகள் அதைச் சுமந்து செல்லவே மறுத்தபடியால், விமானச் சீட்டுக் கொடுத்து அவரையே நேரில் கொண்டுவரச் சொன்னார்கள். 2001-இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பியின் திரையில் நாம் தினந்தோறும் பார்த்த பசுங்குன்றும் நீலவானும் அதுவே.

அந்தப் படத்தில் மனிதர் இல்லை, கட்டடம் இல்லை, பெயர்ப்பலகை இல்லை. எந்தத் தேசம் என்று சொல்லும் அடையாளமும் இல்லை. பார்ப்பவர் கண்ணை ஓரிடத்தில் பிடித்து நிறுத்தும் பொருளே அதில் கிடையாது என்றுகூடச் சொல்லலாம். கம்ப்யூட்டர் திரையில் சிறு சிறு சின்னங்கள் வந்து அமர்வதற்கு இடங்கொடுத்து, தான் பின்னால் நிற்கும் அடக்கம் அதற்கு இருந்தது. நம்மவர்களில் தேர்ந்த கலைஞர்கள்கூடச் சட்டத்தின் நான்கு மூலைகளையும் நிரப்பிவிட வேண்டும் என்று துடிக்கிறார்கள்; விற்பனைக்கென்று எடுக்கும்போது அதே காட்சியை, ஒரு பக்கத்தில் வெற்றிடம் விட்டு, குறுக்காக ஒன்றும் நெடுக்காக ஒன்றுமாக எடுத்து வைப்பது பெரிதும் பிரயோஜனப்படும்.

ஏஜென்சியின் வாசலில் இருந்து படங்களைத் தேர்ந்தெடுக்கும் பரிசோதகர் என்ன பார்க்கிறார் என்பதையும் ஒரு படத்தைக் கொண்டே விளக்குகிறேன். காலைச் சந்தையில் கீரை விற்கும் மூதாட்டி ஒருத்தி. பக்கவாட்டில் விழுகிற இளவெயில், முளைக்கீரைக் கட்டுகளின்மேல் அவள் தெளித்த நீர்த்துளிகளில் மின்னுகிறது. சில்லறையை எண்ணும் விரல்களில் மண் அப்பியிருக்கிறது. மனத்தைத் தொடுகிற படம்தான். அதை நூறு சதவீத அளவுக்கு விரித்து, ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரையில் நகர்த்திப் பாருங்கள். அவளுக்குப் பின்னால் ஊன்றிய பெரிய குடையில் சிமெண்டுக் கம்பெனி ஒன்றின் பெயர் அச்சிட்டிருக்கிறது. கீரையைப் பரப்பியிருக்கும் சாக்கின்மேல் உரக் கம்பெனியின் முத்திரை. இடப்புறத்தில் நிற்கும் ஸ்கூட்டரின் நம்பர் தெளிவாகத் தெரிகிறது. சுவரொட்டியில் பாதி முகமாக ஒரு நடிகர். நிழல் விழுந்த பகுதியில் ஐ.எஸ்.ஓ.வை உயர்த்தியதால் வந்த நாய்ஸ். வானத்தில் சென்சாரில் ஒட்டிய தூசியின் சாம்பற்பொட்டு. ஃபோகஸோ கண்ணில் விழாமல் காதுத் தோட்டில் விழுந்திருக்கிறது. விளம்பரத்துக்குரிய படமாக இதை அனுப்பினால் திரும்பி வந்துவிடும்.

இந்த இடத்தில் மார்க்கம் இரண்டாகப் பிரிகிறது. விளம்பர உபயோகத்துக்கு என்றால், பிறருடைய வியாபாரச் சின்னங்கள் அனைத்தையும் எடிட்டிங்கில் நீக்கி, முகம் தெரிகிற ஒவ்வொருவருடைய கையெழுத்தையும் மாடல் ரிலீஸ் என்ற சம்மதப் பத்திரத்தில் பெற்றாக வேண்டும். எடிட்டோரியல், அதாவது செய்திக்கும் கட்டுரைக்கும் மட்டும் உரிய படம் என்று அனுப்பினால், கையெழுத்து வேண்டியதில்லை, பெயர்ப்பலகை இருக்கலாம், ஆனால் காட்சியில் எதையும் அழிக்கவோ சேர்க்கவோ கூடாது. ஊர், நாடு, தேதி, நடப்பது என்ன என்ற விவரங்களை உள்ளபடியே தலைப்பில் எழுத வேண்டும். நம்முடைய திருவிழா, சந்தை, தேர்தல், வெள்ளம் ஆகியவற்றின் படங்களுக்கு இந்த இரண்டாவது மார்க்கமே உகந்தது.

படம் நன்றாயிருந்தும், தேடுகிறவர் கண்ணில் படாவிட்டால் அது இல்லாததற்குச் சமானம். ஆகையால் கீவேர்டு என்கிற குறிச்சொற்களை, 50 வரையில், ஆங்கிலத்தில் சேர்க்கச் சொல்லுகிறார்கள். பெட்மன் பெட்டி பெட்டியாக அட்டவணை செய்த அதே வேலைதான் இப்போது நம் தலையில் வந்து விழுந்திருக்கிறது. முருங்கைக்காய்ப் படமென்றால் காயின் பெயரோடு மொரிங்கா ஒலிஃபெரா என்ற தாவரவியல் பெயரையும், சமையல், மூலிகை, தென்னிந்தியா என்ற சொற்களையும் சேர்ப்பது தகும். படத்தில் இல்லாத மஞ்சளையும் மிளகையும் சேர்ப்பது தேடுகிறவரை ஏமாற்றுவதாகும்.

சம்மதப் பத்திரம் என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன். இந்தச் சொற்பொழிவில் என் மனத்தைப் பெரிதும் அழுத்துகிற விஷயம் அதுதான். ஹங்கேரி தேசத்தில் ஆந்திராஷ் அராடோ என்ற மின்பொறியியலாளர் ஒருவர் இருக்கிறார். புகைப்படக் கலைஞர் ஒருவர் அவரை மாடலாக அமர்த்தி, வைத்தியராகவும் அலுவலகத்தாராகவும் தாத்தாவாகவும் பலவாறு எடுத்து, ஸ்டாக் ஏஜென்சியின் மூலம் உலகுக்கெல்லாம் அனுமதி விற்றார். அந்தப் புன்னகையில் ஏதோ வேதனை ஒளிந்திருப்பதாக இணையத்தில் சிலர் கண்டு, அவருக்கு ஹரோல்ட் என்று தாங்களாகவே பெயர் சூட்டி, கேலிச் சித்திரங்களாகத் தேசந்தோறும் பரப்பிவிட்டார்கள். தம் படத்தை இணையத்தில் அவர் தேடிப் பார்த்தபோதுதான் இவ்வளவும் அவருக்கே தெரிய வந்தது. ஆரம்பத்தில் மனம் வருந்தினாலும், பிற்பாடு அவர் அந்தப் புகழை ஏற்றுக்கொண்டு மேடைகளில் பேசவும் முன்வந்தார். அவர் படித்தவர், பிற தேசத்தாரோடு பழகியவர், தமக்கு நேர்ந்ததைத் தாமே எடுத்துரைக்கும் வல்லமை அவருக்கு இருந்தது.

நம் கீரைக்காரப் பாட்டிக்கு அந்த வல்லமை ஏது? ஆங்கிலத்தில் அச்சிட்ட காகிதத்தை நீட்டி, "ஒரு கையெழுத்துப் போடு பாட்டி" என்றால், தம்பி ஏதோ கேட்கிறான் என்று கைநாட்டு வைத்துவிடுவாள். அந்த ஒரு கைநாட்டின் பலத்தால் அவளுடைய முகம் மூட்டுவலித் தைலத்துக்கும், அயல்நாட்டு வங்கியின் கடன் திட்டத்துக்கும், வறுமையைப் பற்றிய துண்டுப் பிரசுரத்துக்கும் போகலாம். அவதூறான உபயோகங்களை ஏஜென்சிகளின் ஒப்பந்தங்கள் தடுக்கின்றன என்பது மெய்யே. எனினும் சட்டம் அனுமதிக்கிற உபயோகங்களிலேயே ஒரு மானஸ்தருக்குச் சங்கடம் உண்டாக்கக்கூடியவை பல இருக்கின்றன. குழந்தைகளின் படத்துக்குப் பெற்றோரோ பாதுகாவலரோ கையெழுத்திட வேண்டும் என்று விதி சொல்லுகிறது. கையெழுத்திடும் பெற்றோருக்கு விஷயம் விளங்கியிருக்க வேண்டும் என்று நம் மனச்சாட்சி சொல்ல வேண்டும்.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1957-ஆம் வருஷத்து இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, பொது இடத்தில் நிரந்தரமாக அமைந்த சிற்பத்தையும், கட்டடத்தையும் படமெடுத்து வெளியிடுவது குற்றமாகாது. ஆயினும் தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள தஞ்சைப் பெரிய கோயில் போன்ற இடங்களில் முக்காலி வைப்பதற்குத் தனியே அனுமதி வாங்க வேண்டும். பாரிஸ் நகரத்து ஈஃபில் கோபுரத்தைப் பகலில் எடுத்து விற்கலாம். இரவில் அதன்மேல் எரியும் விளக்கு அலங்காரத்துக்குத் தனிப் பதிப்புரிமை உண்டு என்று சொல்லித் தடுப்பார்கள். இன்னொன்று நம்மில் பலருக்குத் தெரியாதது: உறவினர் கலியாணத்தைப் பணம் பெற்றுக்கொண்டு எடுத்துக் கொடுத்தால், வேறு உடன்படிக்கை இல்லாத பட்சத்தில், அந்தப் படங்களின் பதிப்புரிமை பணம் கொடுத்து எடுக்கச் சொன்னவருக்கே உரியது. மணப்பெண்ணின் மருதாணிக் கை எவ்வளவு அழகாக அமைந்திருந்தாலும் அதன் அனுமதியை விற்பதற்கு நமக்குப் பாத்தியதை இல்லை.

கரோல் ஹைஸ்மித் என்ற அமெரிக்கப் பெண்மணியின் கதையும் இந்த இடத்தில் கவனிக்கத்தக்கது. தம் வாழ்நாள் உழைப்பாகிய ஆயிரக்கணக்கான படங்களை எல்லாரும் இலவசமாக உபயோகிக்கட்டும் என்று அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்கு அவர் ஈந்தார். அப்படி ஈந்த தம் படம் ஒன்றைத் தம்முடைய இணையதளத்திலேயே வைத்திருந்ததற்கு 120 டாலர் செலுத்த வேண்டும் என்று ஏஜென்சியொன்றின் சார்பில் அவருக்கே கடிதம் வந்தது. 2016-இல் வழக்குத் தொடுத்தார். பதிப்புரிமையை ஆதாரமாகக் கொண்ட கோரிக்கைகளை நீதிமன்றம் தள்ளிவிட்டது. பொதுவுடைமையாகக் கொடுத்துவிட்ட பிறகு அதை விற்காதே என்று சொல்லும் உரிமை அவரிடம் எஞ்சியிருக்கவில்லை. அவருடைய உதார குணத்தை நான் வணங்குகிறேன்; ஆனால் வரையறையின்றிக் கொடுத்த அனுமதியை மறுபடி கைக்கொள்ள இயலாது என்பதை இலவசத் தளங்களுக்குப் படம் கொடுக்கிற இளைஞர்கள் உணர வேண்டும்.

கொடுத்த அனுமதி எவ்வளவு தூரம் செல்லும் என்பதன் மிகப் பெரிய பரீட்சை நம் காலத்தில்தான் நடந்துகொண்டிருக்கிறது. 2021 முதற்கொண்டே தன் களஞ்சியத்திலிருந்த படங்களை ஓப்பன்ஏஐ கம்பெனியின் செயற்கை நுண்ணறிவுப் பயிற்சிக்குக் கொடுத்து வந்ததாக ஷட்டர்ஸ்டாக் 2022-இல் அறிவித்து, படமெடுத்தவர்களுக்கென்று ஒரு நிதியையும் ஏற்படுத்தியது. அடோபி 2023-இல் ஃபயர்ஃப்ளை என்ற இயந்திரத்தைத் தன் ஸ்டாக் படங்களைக்கொண்டு பயிற்றி வெளியிட்டு, அவ்வாண்டு செப்டம்பரில் படங்களுக்குரியவர்களுக்கு ஒரு தொகை கொடுத்தது. கெட்டியோ தன் படங்களை அனுமதியின்றி எடுத்துக்கொண்டதாக ஸ்டெபிலிட்டி ஏஐ கம்பெனியின்மேல் அதே ஆண்டில் லண்டனில் வழக்குத் தொடுத்தது. படம் அனுப்பிய பல்லாயிரம் பேர் தாங்கள் இப்படியொரு உபயோகத்துக்குச் சம்மதித்திருக்கிறோம் என்பதையே செய்தியைப் படித்துத்தான் தெரிந்துகொண்டார்கள். பொத்தானை அழுத்துவதற்கு முன்னால் ஒப்பந்தத்தை எவர் படிக்கிறார்கள்? விலகிக்கொள்ள வழி இருக்கும் இடத்தில்கூட, அந்த வழியை நாமேதான் கணக்கின் அமைப்புகளில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

வெள்ளைப் பின்னணியில் வைத்த ஆப்பிள் பழம், கைகுலுக்கும் இரு கனவான்கள், மடிக்கணினியின் பக்கத்தில் காப்பிக் கோப்பை என்ற வகைப் படங்களை இனி இயந்திரமே நொடிப்பொழுதில் வரைந்து தரும். அந்தச் சரக்கைக் குவித்துக்கொண்டு இன்று புதிதாக இறங்குகிறவருக்கு நான் உற்சாகம் கூற மாட்டேன். ஆத்தங்குடியில் ஓடு வார்க்கும் இடத்துக்குப் போய்ப் பாருங்கள். சட்டத்துக்குள் கண்ணாடித் தகட்டை வைத்து, அதன்மேல் பூவேலைத் தடுப்புகள் கொண்ட அச்சை இருத்தி, வண்ணச் சிமெண்டுக் குழம்பைச் சிறு கரண்டியால் அறை அறையாக ஊற்றுகிறார் தொழிலாளி. அச்சைத் தூக்குகிற அந்தக் கணத்தில் மஞ்சளும் சிவப்பும் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் எல்லை கட்டி நிற்கின்றன. பிறகு மணலும் சிமெண்டும் தூவி, கலவை நிரப்பி, கரணையால் தேய்க்கிறார். நீரில் ஊறவைத்து எடுத்த பின் கண்ணாடி கழன்று வர, பளபளப்பான முகம் தெரிகிறது. இந்தக் காரியம் இந்த ஊரில் இந்த நாளில் இந்தக் கைகளால் நடந்தது என்று சாட்சி சொல்லும் தகுதி, அங்கே நின்று எடுத்த படத்துக்கு மட்டுமே உண்டு. படிப்படியான செய்முறை, உள்ளூர்ப் பயிர், தொழில், சடங்கு ஆகியவற்றை நேர்மையான தலைப்போடு எடுத்து வைப்பவரின் உழைப்பு வீண்போகாது என்று நம்புகிறேன்.

கடைசியாக உங்களிடம் சில வேண்டுகோள்கள். ஆரம்பத்திலேயே எந்த ஏஜென்சிக்கும் பிரத்தியேக உரிமை எழுதிக்கொடுத்து விடாதீர்கள்; ஒரே படத்தைப் பல இடங்களில் வைக்கும் சுதந்திரத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மூலக் கோப்புகளையும் சம்மதப் பத்திரங்களையும் இரண்டு இடங்களில் பத்திரப்படுத்துங்கள். சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம்: சம்மதப் பத்திரத்தின் சாரத்தை எளிய தமிழில் ஒரு பக்கத்துக்குள் எழுதி அச்சிட்டு, அங்கத்தினர் ஒவ்வொருவருக்கும் கொடுங்கள். கையெழுத்து வாங்கப்போகும் அங்கத்தினர் அதைப் படம் எடுக்கப்பட்டவருக்கு உரக்கப் படித்துக் காட்டி, அவர் முகம் எங்கெல்லாம் வரக்கூடும் என்பதைச் சொல்லி, ஒரு பிரதியையும் அவரிடம் கொடுத்துவிட்டு வரட்டும். அவர் வேண்டாம் என்று சொன்னால் அந்தப் படத்தை விற்பனைக்கு அனுப்பாமல் நிறுத்திவிடுங்கள். இந்தப் பக்கத்தை எழுதித் தரும் பொறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன். அச்சிடும் பொறுப்பைச் சங்கம் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.